திருவல்லிக்கேணி மாணவர்களின் சாயங்காலம்

1857-ஆம் ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலை ஸ்தாபிக்கப்பட்டு, 1870-இல் மாநிலக் கல்லூரி கடலை நோக்கிய தன் புதிய கட்டிடத்தில் குடியேறிய பின்னர், தஞ்சாவூர், திருநெல்வேலி, கோயம்புத்தூர் முதலிய ஜில்லாக்களிலிருந்து பட்டப்படிப்பின் பொருட்டு ரயிலேறி வந்த எண்ணற்ற வாலிபர்களுக்குத் திருவல்லிக்கேணியே இரண்டாவது ஊராக வாய்த்தது. பார்த்தசாரதி சுவாமி கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் மாடியறைகளை வாடகைக்கு விடுவதும், மாதக் கணக்கில் சாப்பாடு போடுவதும் நாளடைவில் ஒரு தொழிலாகவே வளர்ந்தன. ஊரில் நெல் விற்றோ கடன் வாங்கியோ தகப்பனார் அனுப்பும் மணியார்டர் பணம் வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் போனபின் கையில் மிஞ்சியது சில அணாக்கள்தாம். அந்த அணாக்களைக் கொண்டு அவர்கள் நடத்திய கூட்டு வாழ்வு, செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளின் உல்லாசத்துக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சந்தோஷம் தரும் பொருள்களில் பெரும்பாலானவற்றை அவர்கள் பொதுவில் வைத்து அனுபவித்ததே அதற்குக் காரணம்.

அறையிலிருந்தே அந்தப் பொதுமை தொடங்கியது. மூவர் நால்வராகச் சேர்ந்து தங்கினால் வாடகை பங்காகிவிடும். ஒருவர் வாங்கிய பத்திரிகை மாடி முழுவதும் சுற்றி வரும். ஒருவருடைய வீட்டிலிருந்து வந்த சீடை டின் அன்றிரவே காலியாகும். இடமில்லாதவனுக்கு இடம் கொடுப்பதும் அந்த வாழ்வின் தர்மங்களுள் ஒன்று. வேலை தேடிச் சென்னைக்கு வந்த ஸ்ரீநிவாச ராமாநுஜன், 1912-இல் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்வதற்கு முன்னால், நண்பர்கள் அறைகளில் ஒண்டியே காலங்கழித்தார். சேப்பாக்கம் விக்டோரியா விடுதியில், தாம் கணிதம் சொல்லிக்கொடுத்த மாணவர் ஒருவரோடு தங்கியதும் உண்டு. மறுவருஷம் சர்வகலாசாலை அவருக்கு மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தது. அதுவரை அவரைத் தாங்கிய ஸ்தாபனம் எது என்று கேட்டால், சிநேகிதர்களின் அறைகள் என்றே நான் சொல்வேன்.

ஆயினும் மாணவர்களின் மெய்யான கூடம் கடற்கரைதான். 1881 முதல் 1886 வரை கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் அங்கே ஓர் உலாவும் பாதையை அமைத்து, சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்தை நினைவிற்கொண்டு மெரினா என்று பெயரிட்டார். துரைமாரும் கனவான்களும் வண்டிகளில் வந்து காற்று வாங்கிய அந்த இடத்துக்குக் கால்நடையாக வந்தவர்களே பின்னாளில் அதன் உரிமையாளர் ஆனார்கள். பரீட்சைப் பாடம், காதல் கவிதை, சீமை அரசியல், சம்சார விசாரம் ஆகிய சகலமும் மணலில் வட்டமாக உட்கார்ந்து பேசப்பட்டன. ஒரு பொட்டலம் சுண்டலை நாலு கைகள் பகிர்ந்துகொண்டால் அன்றைய செலவுக் கணக்கு முடிந்தது. 1897 பிப்ரவரியில் விவேகானந்த சுவாமிகள் மேல்நாட்டிலிருந்து திரும்பி வந்தபோது, அவருடைய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே கடலோர மாளிகைவரை இழுத்துச் சென்றவர்களில் மாணவர்கள் முன்னின்றார்கள். 1907 மே மாதத்தில் விபின சந்திர பாலர் வங்காளத்திலிருந்து வந்து கடற்கரையில் தொடர்ச்சியாகச் சுதேசியப் பிரசங்கங்கள் நிகழ்த்தியபோதும், மணலில் நெருக்கியடித்து உட்கார்ந்து கேட்டவர்கள் அவர்களே. அதே வருஷம் மாணவர்கள் அரசியல் கூட்டங்களில் கலந்துகொள்வதை அடக்க இந்திய சர்க்கார் சுற்றறிக்கை விடுத்ததைப் பார்க்கும்போது, கட்டணமில்லாத ஒரு சாயங்காலத்துக்கு எவ்வளவு வலிமை இருந்தது என்பது விளங்கும். 1930-இல் சென்னை நகராண்மைக் கழகம் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கிக் கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்ததும், வீட்டில் வானொலிப் பெட்டி இல்லாதவனுக்கும் சங்கீதம் சித்தித்தது.

நடக்கத் தெம்பு இருந்தால் ஊர் இன்னும் பல இன்பங்களைத் தந்தது. எழும்பூரில் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமரா நூல் நிலையத்தில் உட்கார்ந்து படிக்கக் காசு தேவையில்லை. 1900-இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளிலோ, ஒரு சாயங்காலம் முழுவதும் நின்று புரட்டிவிட்டு, கடைசியில் பேரம் பேசி ஒன்றை எடுத்துக்கொண்டு, டிராம் காசு அதற்கே சரியாகப் போனபடியால் நடந்தே அறைக்குத் திரும்புவது மாணவர்களின் வழக்கம். அவ்விதம் வந்து சேர்ந்த ஷேக்ஸ்பியரும் ஷெல்லியும், பரீட்சை முடிந்து ஊருக்குப் போகும் சமயத்தில் ரயில் சத்தத்துக்காக மறுபடியும் அதே கடைக்குப் போவார்கள். அடுத்த வருஷம் வேறொருவன் அவர்களை அழைத்து வருவான். 1985-இல் அந்த மார்க்கெட் தீக்கிரையானது சென்னை மாணவ உலகத்துக்கு நேர்ந்த பெரு நஷ்டம். ஈடு கட்டும் இடம் இன்றுவரை ஏற்படவில்லை. சினிமாவின் தரை டிக்கெட்டும், 1915-16 முதல் பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் நடந்துவந்த கிரிக்கெட் பந்தயத்தை வெளியே மரக்கிளையிலிருந்து பார்ப்பதும் அவ்வப்போது வாய்த்த விசேஷங்கள்.

இவ்வளவும் எல்லாருக்கும் ஒன்றுபோல் கிட்டின என்று எழுதினால் அது சரித்திரமாகாது. பொதுவில் வைத்தே சந்தோஷம் மலிவாயிற்று. அந்தப் பொதுவில் சேர்த்துக்கொள்ளப்படாதவனுக்கோ அதே நகரம் மிகவும் விலையேறியதாயிற்று. இந்த ஜாதியாருக்கே இடம் என்று வீட்டுக்காரர்களும், இன்னாருக்கே இலை என்று மெஸ்காரர்களும் வரையறுத்திருந்த தெருக்களில், பிராமணரல்லாத மாணவன் பையில் பணம் வைத்திருந்தும் படுக்கவும் உண்ணவும் அலைய நேர்ந்தது. தீண்டப்படாதவன் என்று ஒதுக்கப்பட்டவனுக்கு அந்த அலைச்சலே பல மடங்கு. திருவல்லிக்கேணியிலேயே வைத்தியத் தொழில் செய்துவந்த டாக்டர் சி. நடேச முதலியார் இந்த அவஸ்தையைக் கண்ணாரக் கண்டு, 1916-ஆம் ஆண்டளவில் அங்கே திராவிடர் இல்லம் என்னும் விடுதியை நிறுவினார். ஒரு பெரிய அரசியல் கட்சியின் பிறப்போடு சேர்த்துத்தான் அந்த விடுதியை நம் சரித்திரக்காரர்கள் குறிப்பிடுகிறார்கள். நானோ அதை முதன்மையாக ஒரு மாணவர் அறையாகவே நினைக்கிறேன். சிறு ஊரிலிருந்து வந்த பையனுக்குத் தங்க இடமும், உடன் உண்ணத் தோழர்களும், இரவில் தர்க்கம் செய்யச் சக மாணவர்களும் அங்கே கிடைத்தார்கள். ஏனையோர் கேட்காமலே பெற்றிருந்தது அதுதானே. ஓட்டல்களின் வாசற் பலகைகளில் இருந்த ஜாதிப் பெயர் மறைய மேலும் நாற்பதாண்டு ஆயிற்று. 1957-இல் பெரியார் திருவல்லிக்கேணி ஓட்டல் ஒன்றின் முன்னே தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நீடித்து, தொண்டர்கள் நாள்தோறும் கைதாகி, மறுவருஷம் அந்த எழுத்து எடுக்கப்பட்ட பின்னரே முடிவுற்றது.