மொலக்காய்க் கரையில் ஒரு கதாசிரியர்

கலங்கரை விளக்கங்கள் கட்டும் பொறியாளர் குடும்பத்தில், 1850-ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் பிறந்தவர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். பிரஸ்பிட்டேரியன் சபையின் கண்டிப்பு நிறைந்த இல்லம். இளமை முதலே நெஞ்சக நோய். உடலுக்கேற்ற காற்றைத் தேடித் தேடியே அவரது வாழ்நாள் ஊர் ஊராகக் கழிந்தது.

1878-இல் பிரான்சின் செவென் மலைகளில் ஒரு கழுதையோடு நடந்து சென்றவர், டிராப்பிஸ்டுத் துறவியரின் மடமொன்றில் தங்கினார். அதன் பெயர் பனிமய அன்னை மடம். (நம் தூத்துக்குடிப் பேராலயம் நினைவுக்கு வருகிறதல்லவா!) அங்கே உடன் தங்கிய விருந்தினர் அவரைக் கத்தோலிக்கராக்க முயன்றனர்; அவர் இசையவில்லை. பின்னர் வந்த 'புதையல் தீவு', 'டாக்டர் ஜெகிலும் மிஸ்டர் ஹைடும்' ஆகிய கதைகள் அவருக்கு உலகப் புகழ் தந்தன. 1888-இல் குடும்பத்தோடு பசிபிக் கடலில் பாய்மரக் கப்பலேறினார்.

மறு ஆண்டு ஏப்ரல் 15 அன்று, மொலக்காய் தீவின் தொழுநோயாளரிடையே தொண்டாற்றிய தந்தை தமியான், அந்நோயாலேயே இறந்தார். மே மாதம் ஸ்டீவன்சன் அத்தீவில் ஒரு வாரம் தங்கினார். கன்னியர் இல்லத்துச் சிறுமியரோடு விளையாடினார். பின்னர் அவர்களுக்கு ஒரு பியானோ அனுப்பினார். தமியானை அறிந்தவர்களிடம் விசாரித்தார். கேட்டவையெல்லாம் புகழ்ச்சியல்ல.

ஹொனலூலுவில் ஹைடு என்றொரு போதகர் இருந்தார். (நாவலின் ஹைடோடு பெயர் ஒத்தது தற்செயலே.) தமியான் முரடர், அழுக்கர், ஒழுக்கமற்றவர் என அவர் எழுதிய கடிதம் அச்சேறியது. ஸ்டீவன்சனோ அவர் வீட்டுக்குச் சென்று வந்தவர். அவரது சபையே தம் சபையும் என்று கருதியவர். வழக்குத் தொடர்ந்தால் தம் செல்வமெல்லாம் போகும் என்றஞ்சியும், குடும்பத்தின் இசைவோடு, 1890 பிப்ரவரி 25 அன்று சிட்னியிலிருந்து பகிரங்க மடல் எழுதினார்.

தமியானின் பிடிவாதத்தையும் முரட்டுத்தனத்தையும் அம்மடல் மறைக்கவில்லை. ஒழுக்கக்கேடு என்ற பழியைத்தான் நம்ப மறுத்தது. குறைகளை ஒப்புக்கொண்டே, 'அவர் அங்கே சென்றார். நீங்கள் வசதியான வீட்டிலிருந்தீர்கள்' என்ற ஒரே நியாயத்தின்மேல் அது நிற்கிறது. என் மதிப்பில் அதன் வலிமை இதுவே. அம்மடலுக்கு அவர் ஊதியம் பெற மறுத்தார். ஹைடிடம் மிகக் கடுமை காட்டிவிட்டதாகப் பின்னர் வருந்தவும் செய்தார்.

தமியான் ஒருநாள் புனிதராக அறிவிக்கப்படுவார் என்றும் அம்மடலில் எழுதியிருந்தார். திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் அதைச் செய்தது 2009 அக்டோபர் 11 அன்று. ஸ்டீவன்சன் 1894-இலேயே, தம் 44-ஆம் வயதில், சமோவாத் தீவில் இறந்துவிட்டார். கடைசிவரை அவர் கத்தோலிக்கராகவில்லை.