எபிக் மிக்கி 2: இருவர் ஆட்டத்தில் ஒருவர் அதிகாரம்

'எபிக் மிக்கி 2: தி பவர் ஆஃப் டூ' என்ற வீடியோ கேம் 2012 நவம்பரில் வெளிவந்தபோது விமர்சகர்கள் பலரும் சொன்ன குறை ஒன்றுண்டு: தனியாக ஆடுபவருக்குத் துணையாகக் கணினி இயக்கும் ஆஸ்வால்டு என்ற முயல், வேண்டிய நேரத்தில் உதவிக்கு வருவதில்லை. குறை உண்மைதான். ஆனால் நிரலை எவ்வளவு செப்பனிட்டிருந்தாலும் அது முழுக்கத் தீர்ந்திருக்காது. இரு பாத்திரங்களுக்கும் ஆற்றலைப் பங்கிட்ட விதத்திலேயே அதன் வேர் இருக்கிறது என்பது என் வாதம்.

கதையளவில் இருவர் ஆட்டம் மிகப் பொருத்தமானது. முயல் ஆஸ்வால்டை வால்ட் டிஸ்னியும் அப் ஐவர்க்ஸும் 1927-இல் உருவாக்கினர். மறு ஆண்டே அது அவர்கள் கையை விட்டுப் போனது. அந்த இழப்பை ஈடுகட்டப் பிறந்தவன்தான் மிக்கி. 2006-இல் டிஸ்னி நிறுவனம் முயலை மீட்டது, அதுவும் அல் மைக்கேல்ஸ் என்ற விளையாட்டு வர்ணனையாளரை என்பிசி தொலைக்காட்சிக்கு விட்டுக்கொடுத்து! வாரன் ஸ்பெக்டர் தலைமையில் ஜங்ஷன் பாயிண்ட் ஸ்டுடியோ 2010-இல் தந்த முதல் ஆட்டம், மறக்கப்பட்ட கார்ட்டூன்கள் வாழும் வேஸ்ட்லேண்டில் ஆஸ்வால்டுக்கு மிக்கிமீது இருந்த பொறாமையைப் பேசியது. பகை தீர்ந்த பிறகு இருவரும் சேர்ந்து உழைப்பது இயல்பான தொடர்ச்சி.

ஆட்ட விதிகளோ வேறு கதை சொல்கின்றன. மிக்கியின் தூரிகை வண்ணம் பூசி உலகை உண்டாக்கும், தின்னர் தெளித்து அழிக்கும். எதைக் காப்பது, எதைக் கரைப்பது என்ற அறத்தேர்வின் பெரும்பங்கு அவனிடமே. ஆஸ்வால்டின் ரிமோட் இயந்திரங்களுக்கு மின்சாரம் பாய்ச்சும், எதிரிகளை முடக்கும். காதுகளைச் சுழற்றி அவன் மிதக்கும்போது மிக்கி காலைப் பிடித்துத் தொங்கலாம். அருகருகே அமர்ந்த இருவர் பேசி வைத்துத் தாவும் இந்த இடத்தில் மட்டும் கூட்டாட்டம் உயிர்பெறுகிறது. மற்ற நேரங்களில் ஆஸ்வால்டை ஆடுபவர் அண்ணன் கூப்பிட்டால் ஓடிப்போய்க் கதவு திறக்கும் தம்பியைப் போல. கதையில் மூத்தவன் ஆஸ்வால்டு என்பதுதான் வேடிக்கை.

ஒப்பிட, 2011-இல் வந்த 'ரேமேன் ஆரிஜின்ஸ்' எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே திறனைக் கொடுத்தது. தனியாக ஆடினால் யாரும் குறைவதாகத் தோன்றாது. அதே ஆண்டின் 'போர்ட்டல் 2' இருவருக்கென்று தனிக் கட்டங்களையே அமைத்தது. எபிக் மிக்கி 2 இரண்டு வழியையும் எடுக்கவில்லை. ஒரே கட்டங்களைத் தனியாளுக்கும் இணைக்கும் பொதுவாக வைத்தது. இணையவழி ஆட்டமும் இல்லாததால் பக்கத்தில் ஆளில்லாதவர் கணினியின் தயவில் நிற்க நேர்ந்தது.

பிற நிறைகள் உண்டு. முதல் ஆட்டத்தில் எழுத்தாகவே வந்த உரையாடல் இங்கே குரல் பெற்றது. ஆஸ்வால்டுக்குப் பேசியவர் ஃபிராங்க் வெல்கர். 'மேட் டாக்டர்' என்ற பாத்திரம் தன் வசனங்களைப் பாடியே சொல்கிறது, ஜேம்ஸ் டூலியின் இசையில். இரண்டாவது ஆள் எப்போது வேண்டுமானாலும் சேரலாம், விலகலாம் என்பதும் நல்ல ஏற்பாடு. இவை எதுவும் அடிப்படைச் சமமின்மையைச் சரிசெய்யவில்லை.

2013 ஜனவரியில் டிஸ்னி ஜங்ஷன் பாயிண்டை மூடியது. 2024-இல் புதுப்பித்து வெளியிடப்பட்டது, ஒருவர் மட்டுமே ஆடக்கூடிய முதல் ஆட்டம்.