குடிமைப் பணி நேர்காணலுக்கான ஆயத்தம்

இந்தியக் குடிமைப் பணித் தேர்வின் மூன்றாவதும் கடைசியுமான கட்டம் ஆளுமைத் தேர்வு. பேச்சில் எல்லோருக்கும் அது நேர்காணல்தான். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ்., ஐ.எஃப்.எஸ். முதலிய பணிகளுக்கு ஆள் எடுக்கும் ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையம் (யுபிஎஸ்சி), புது தில்லி ஷாஜகான் சாலையிலுள்ள தோல்பூர் ஹவுசில் இதை நடத்துகிறது. முதல்நிலைத் தேர்வைக் கடந்து முதன்மைத் தேர்வு எழுதியவர்களில், காலியிடங்களைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு பேருக்கு அழைப்பு வரும். 2013 முதல் முதன்மைத் தேர்வுக்கு 1,750, நேர்காணலுக்கு 275, ஆக மொத்தம் 2,025 மதிப்பெண்கள். நேர்காணலில் இவ்வளவு எடுத்தால்தான் தேர்ச்சி என்ற வரம்பு கிடையாது. ஆனால் சில மதிப்பெண் வித்தியாசத்தில் தரவரிசை இறங்கி, கிடைக்கும் பணியும் மாநிலமும் மாறிவிடும்.

நேர்காணல் குழுவுக்குத் தேர்வாணைய உறுப்பினர் ஒருவர் தலைமை வகிக்க, உடன் துறை அறிஞர்களும் மூத்த அதிகாரிகளும் அமர்ந்திருப்பார்கள். சந்திப்பு சுமார் அரை மணி நேரம் நீடிக்கும். எழுத்துத் தேர்வில் எவ்வளவு பாடம் தெரியும் என்பதைப் பார்த்தாகிவிட்டது. இங்கே பார்க்கப்படுவது மனத்தின் விழிப்பு, தெளிவாக எடுத்துச் சொல்லும் திறன், நடுநிலையான தீர்ப்பு, நேர்மை ஆகியவை. எதிரில் இருப்பவரின் எழுத்துத் தேர்வு மதிப்பெண் குழுவுக்குத் தெரியாது. அவர்கள் கையில் இருப்பது அவர் நிரப்பிக் கொடுத்த விரிவான விண்ணப்பப் படிவத்தின் சுருக்கம் மட்டுமே.

ஆகவே ஆயத்தம் அந்தப் படிவத்திலிருந்து தொடங்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு மறுபடியும் பொது அறிவுப் புத்தகங்களைப் புரட்டுகிறார்கள். கிடைத்திருக்கும் சில வாரங்கள் அதிலேயே கரைந்துவிடுகின்றன. படிவத்தில் உள்ள பிறந்த ஊர், படித்த பட்டம், பார்த்த வேலை, பொழுதுபோக்கு, பணி விருப்ப வரிசை என ஒவ்வொரு சொல்லும் ஒரு கேள்விக்கு வாசல். கரூரில் பிறந்து, ஜவுளிப் பொறியியல் படித்து, பொழுதுபோக்கு சதுரங்கம் என்று எழுதியிருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி ஏன் கரூரில் வேரூன்றியது, சாயக்கழிவால் அமராவதி ஆற்றுக்கு நேர்ந்தது என்ன, அவர் ஆட்சியராக இருந்தால் சாயப்பட்டறைத் தொழிலாளரின் பிழைப்பையும் ஆற்றையும் எப்படிச் சேர்த்துக் காப்பார் என்று கேள்வி நீளும். அருகிலுள்ள காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் எடுப்பதைப் பற்றிக் கேட்கலாம். வரலாற்றில் ஆர்வமுள்ள உறுப்பினர், சேரரின் வஞ்சி கரூர்தான் என்பதற்குப் புகளூர்க் கல்வெட்டு எந்த அளவுக்குத் துணை நிற்கிறது என்று கேட்கக்கூடும். சதுரங்கம் என்று எழுதியவர், 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடையும் 2024இல் குகேஷ் டிங் லிரெனை வென்று உலகச் சாம்பியனானதையும் அறிந்திருந்தால் மட்டும் போதாது. தமக்குப் பிடித்த தொடக்க ஆட்டம் ஒன்றைக் காய் காயாக விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். மற்றவர்களைப் பார்த்து எழுதிய பொழுதுபோக்கு இரண்டாவது கேள்வியிலேயே வெளுத்துவிடும்.

நடப்புச் செய்திகளைத் தினமும் படிப்பது அவசியம். பிப்ரவரி 1 அன்று தாக்கலாகும் ஒன்றிய நிதிநிலை அறிக்கை நேர்காணல் நடக்கும் மாதங்களை ஒட்டியே வருவதால், அதன் முக்கிய அறிவிப்புகளை விட்டுவிடக் கூடாது. செய்தியைத் தெரிந்துகொள்வதைவிட, அதன் இரு பக்கத்தையும் எடைபோட்டுத் தமக்கென ஒரு நிலைப்பாட்டுக்கு வருவதுதான் கடினம். அரசின் கொள்கையைக் குறை சொல்லலாம். மாற்று வழி கைவசம் இருக்க வேண்டும். விடை தெரியாத கேள்விக்கு "தெரியவில்லை, ஐயா" என்று சொல்வது இழுக்கல்ல. ஊகித்துச் சமாளிப்பவர்தான் அடுத்தடுத்த கேள்விகளில் சிக்கிக்கொள்கிறார்.

மாதிரி நேர்காணல்கள் பெரிதும் உதவும். சென்னை பசுமைவழிச் சாலையில் தமிழ்நாடு அரசு நடத்தும் குடிமைப் பணிப் பயிற்சி மையத்தில் இவை நடைபெறுகின்றன. ஓய்வுபெற்ற அதிகாரிகள் எதிரில் அமர்ந்து கேட்கும்போதுதான் கால் ஆட்டுவதும், கேள்வி முடியுமுன் பதிலைத் தொடங்குவதும் நமக்கே தெரியவருகிறது. இரண்டு மூன்று போதும். அதற்கு மேல் போனால் பதில்கள் மனப்பாடமாகி, குரலில் ஒப்பிக்கும் தொனி ஏறிவிடும்.

நேர்காணலைத் தமிழிலும் எதிர்கொள்ளலாம். படிவத்திலேயே அதைக் குறிப்பிட வேண்டும், மொழிபெயர்ப்பாளர் உடனிருப்பார். தமிழைத் தேர்ந்தெடுப்பவர் சிறு சிறு வாக்கியங்களில் பேசிப் பழகுவது நல்லது. நீண்ட வாக்கியம் மொழிபெயர்ப்பில் முறிந்துபோகும்.

உடையைப் பற்றி அதிகம் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆண்கள் வெளிர்நிறச் சட்டையும் அடர்நிறக் கால்சட்டையும், பெண்கள் எளிய சேலையோ சுடிதாரோ அணிந்து செல்வது வழக்கம். புதுச் செருப்பைப் போட்டு ஒரு நாளாவது நடந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பட்டம், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலங்களும் பயணப்படிக்கான படிவமும் கையில் இருக்க வேண்டும். காலை, பிற்பகல் என இரு அமர்வுகள் உண்டு. எந்தக் குழு என்பது அன்றுதான் தெரியும் என்பதால், குழுத் தலைவர்களைப் பற்றி முன்கூட்டியே துப்புத் துலக்குவதில் பயனில்லை.

எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணோடு நேர்காணல் மதிப்பெண்ணைக் கூட்டி இறுதிப் பட்டியல் வெளியாகும். அதில் இடம்பெறாதவர், வயதும் வாய்ப்பும் மீதமிருந்தால், அடுத்த ஆண்டு முதல்நிலைத் தேர்விலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும்.