கிரெப்: ஓர் இலக்கியக் கேள்வியால் பிறந்த கட்டளை



திருக்குறளில் 'தமிழ்' என்ற சொல்லே இல்லை என்று வகுப்பில் சொல்கிறோம். "1330 குறளையும் யார் சார் தேடிப் பார்த்தது?" என்று இங்கே பினாங்கில் ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதானே! லினக்ஸ் கணினியில் இதற்கு ஒரே வரிக் கட்டளை போதும். அதன் பெயர் 'கிரெப்'. அது பிறந்த கதை நம்மைப் போன்ற மொழிக்காரர்களுக்கு நெருக்கமானது.

நமக்குத் தேமா, புளிமா தெரியும். ஒரு வாய்பாடு பல சீர்களுக்குப் பொருந்தும். கணினியிலும் அப்படித்தான். 1951-இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்டீவன் கிளீனி, எழுத்துத் தொடர்களின் அமைப்பைச் சுருக்கமாகக் குறிக்க ஒரு முறை வகுத்தார். 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்பது அதுதான்; இங்கே 'தேடல் வாய்பாடு' என்று வைத்துக்கொள்வோம். 1968-இல் பெல் ஆய்வகத்தின் கென் தாம்சன், அதைக் கொண்டு கணினியில் வேகமாகத் தேடும் வழியைக் கட்டுரையாக வெளியிட்டார். பிறகு யூனிக்ஸின் 'எட்' என்ற பதிப்புக் கருவியிலும் சேர்த்தார்.

அதே ஆய்வகத்தில் லீ மக்மஹோனுக்கு ஓர் இலக்கியச் சிக்கல். 1787-88-இல் ஹாமில்டன், மேடிசன், ஜே மூவரும் ஒரே புனைபெயரில் எழுதிய 85 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகளில் எதை யார் எழுதியது? சொல்லாட்சியை வைத்துக் கண்டுபிடிக்க விரும்பினார். ஆனால் அந்தக் கோப்பு 'எட்' கருவிக்குள் அடங்கவில்லை. தாம்சன் தேடும் பகுதியை மட்டும் பிரித்துத் தனிக் கட்டளையாக்கித் தந்தார் என்று அவர்களோடு பணியாற்றிய பிரையன் கெர்னிகன் சொல்கிறார். 'எட்'-இல் ஜி/ஆர்இ/பி என்றால் 'முழுவதும் தேடு, வாய்பாடு பொருந்தும் வரியை அச்சிடு' என்று பொருள். அதுவே பெயராகிவிட்டது.

1973-இல் கிரெப் யூனிக்ஸ் கையேட்டில் இடம்பெற்றது. டக் மக்கில்ராய் வலியுறுத்திய 'பைப்' வசதியும் அதே ஆண்டில்தான் வந்தது. ஒரு கட்டளை வெளியிடுவதை அடுத்த கட்டளைக்கு ஊட்டுவது பைப். இன்று | என்று குறிக்கிறோம். ஒன்று குறள்களை வெளியிடும், கிரெப் வடிகட்டும், மூன்றாவது வரிகளை எண்ணும். அவ்வளவுதான்.

நான் முதலில் 'தமிழ்' என்று தேடினேன். குறள் எதுவும் வரவில்லை. தீர்ந்தது என்று நினைத்தேன். அது தவறு! நாம் ழ் + ஐ = ழை என்கிறோம். யூனிகோடு ழகரத்தை அடியாக வைத்து, அதன்மேல் புள்ளியையோ ஐகாரக் குறியையோ சேர்க்கிறது. அதனால் 'தமிழ்' என்று தேடினால் 'தமிழை', 'தமிழின்' சிக்காது. புள்ளியை நீக்கி 'தமிழ' என்று தேடினால் எல்லாம் சிக்கும்.

அதுவும் போதாது. தண் + தமிழ் 'தண்டமிழ்' ஆகும். தென் + தமிழ் 'தென்றமிழ்' ஆகும். செய்யுளில் தகரம் இப்படித் திரியுமே! ஆகவே வாய்பாடு '[தடற]மிழ' என்று இருக்க வேண்டும். சதுர அடைப்புக்குள் இருப்பவற்றில் ஏதேனும் ஒன்று வரலாம் என்பது இதன் பொருள். 'மிழ' என்று மட்டும் போட்டால்? 'அமிழ்து' எல்லாம் வந்து குவியும்.

இந்த மூன்றாம் தேடலுக்குப் பிறகுதான் அந்த மாணவியிடம் "இல்லைம்மா, நானே பார்த்துட்டேன்" என்று துணிந்து சொன்னேன். 'இருக்கிறது' என்பதற்கு ஒரு வரி காட்டினால் போதும். 'இல்லை' என்று சொல்ல, அந்தச் சொல் எந்தெந்த உருவில் வரக்கூடும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். அது கிரெப்புக்குத் தெரியாது. நன்னூல் படித்த உங்களுக்குத் தெரியும்.

மாணவர்களே, புணர்ச்சி விதி எதற்கு என்று கேட்பீங்களே, இதோ ஒரு பயிற்சி: 'கடல்', 'கடற்கரை' இரண்டையும் பிடிக்கும் வாய்பாடு ஒன்று எழுதிப் பாருங்க.