சர்வகலாசாலையும் சர்க்கார் பணமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு பேராசிரியர் தம் ஆராய்ச்சிக்கென்று மத்திய அரசாங்கத்திடம் பெறும் பணத்தை எவ்விதம் செலவிடலாம், எவ்விதம் கணக்கெழுத வேண்டும், எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்று விதிக்கும் ஏற்பாடுகள் இன்று ஒரு தனிச் சாஸ்திரமாகவே வளர்ந்து நிற்கின்றன. அவ்விதிகளின் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: அரசாங்கம் சர்வகலாசாலையிடமிருந்து ஆராய்ச்சியை விலைக்கு வாங்குகிறதா, அல்லது சர்வகலாசாலை தானாகவே செய்ய முற்பட்ட ஆராய்ச்சிக்குச் சகாயம் செய்கிறதா? வாங்குவதென்றால் அடக்கவிலை முழுவதையும் கொடுப்பதே நியாயம். சகாயமென்றால் பெறுகிறவரும் தம் பங்கைப் போட வேண்டும். இவ்விரண்டில் எது என்பதை அந்நாடு ஒருகாலும் தீர்மானமாகச் சொல்லவில்லை என்பது என் அபிப்பிராயம். அதனால் விளைந்த சங்கடங்களே இந்த விதிகளின் சரித்திரம்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் இக்கேள்வி பெரிதாக எழவில்லை. 1887-ஆம் ஆண்டு ஹாட்ச் சட்டத்தின்படி விவசாயப் பரிசோதனை நிலையங்களுக்கு மாகாணம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் 15,000 டாலர் போய்க்கொண்டிருந்தது. மற்ற விஞ்ஞான ஆராய்ச்சியெல்லாம் பெரும்பாலும் ராக்பெல்லர், கார்னகி முதலிய தனவந்தர்கள் நிறுவிய தர்ம ஸ்தாபனங்களையும் கலாசாலைகளின் சொந்த நிதியையும் நம்பியே நடந்தது. 1940-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பாரிஸ் நகரம் வீழ்ந்த அந்த நாட்களில், வன்னிவார் புஷ் என்ற இன்ஜினீயர் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் சம்மதம் பெற்றுத் தேசப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் குழுவை அமைத்தார். மறு ஆண்டு அது விஞ்ஞான ஆராய்ச்சி அபிவிருத்தி அலுவலகமாக விரிந்தது. விஞ்ஞானிகளைத் திரட்டிச் சர்க்கார் சிப்பந்திகளாக்குவதைவிட, அவரவர் இருக்கும் கலாசாலையிலேயே வேலை செய்யவிட்டு, அக்கலாசாலையோடு ஒப்பந்தம் செய்துகொள்வதே மேல் என்று புஷ் கண்டார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலையில் ராடார் கருவிக்காக ஏற்பட்ட ஆராய்ச்சிசாலை இப்படித்தான் பிறந்தது.

லாபமும் கூடாது, நஷ்டமும் கூடாது என்பதே அந்த ஒப்பந்தங்களின் மூல சூத்திரம். சொல்வதற்கு எளிதான இது கணக்கெழுதும்போது கடினமாகிவிடுகிறது. ஆராய்ச்சிக்காக வாங்கிய கருவியின் விலையும் உதவியாளரின் சம்பளமும் வவுச்சரோடு கண்முன் நிற்கின்றன. ஆனால் அந்த உதவியாளர் உட்கார்ந்திருக்கும் கட்டிடத்தின் தேய்மானம், இரவு முழுவதும் எரியும் விளக்கு, குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் கொதிகலன், நூல் நிலையம், வாசல் காவற்காரர், சம்பளப் பட்டியல் தயாரிக்கும் குமாஸ்தா ஆகிய இவற்றில் எத்தனை பங்கு ராடாருக்கு, எத்தனை பங்கு மாணவர் படிப்புக்கு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? மேற்செலவு என்று சொல்லப்படும் இதை நுணுக்கிப் பார்க்க யுத்த காலத்தில் அவகாசமில்லை. ஆகவே கலாசாலைகளுக்குச் சம்பளத் தொகையில் 50 சதவீதமும், தொழில் நிறுவனங்களுக்கு 100 சதவீதமும் மேற்செலவாகத் தருவதென்று பொதுவாக ஒரு விகிதம் வகுத்துக்கொண்டார்கள். தோராயமான கணக்குதான் என்றாலும், இரு தரப்பாரும் ஒருவரையொருவர் நம்பிச் செய்துகொண்ட கணக்கு அது. பின்னால் வந்த எந்தச் சூக்ஷ்மமான கணக்கும் அதைவிட நியாயமாக நடந்துகொண்டது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

யுத்தம் முடிந்ததும் வழி இரண்டாகப் பிரிந்தது. 1946-இல் ஏற்பட்ட கடற்படை ஆராய்ச்சி அலுவலகம் ஒப்பந்த முறையைக் கைவிடவில்லை. 1947-இல் இராணுவமும் கடற்படையும் சேர்ந்து வெளியிட்ட செலவு விதிகள், நீலப் புத்தகம் என்ற பெயரோடு, முழு அடக்கவிலையையும் கொடுக்கும் கொள்கையை ஏற்றன. மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் தரும் தேசிய சுகாதார நிலையங்களோ மானியம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டன. உதவி பெறுகிறவருக்கு மேற்செலவு எதற்கு என்ற மனோபாவத்தில், முதலில் நூற்றுக்கு 8 மட்டுமே தந்தன. 1950-களின் பிற்பகுதியில் காங்கிரஸ் சபையே 15 என்று வரம்பு கட்டியது. அது போதாதென்று கண்டு பிறகு 20 ஆக்கியது. 1960-களின் நடுவில் வரம்பையே நீக்கியது. ஒரே கட்டிடத்தில், ஒரே கூரையின் கீழ், கடற்படைப் பணத்தில் நடந்த வேலைக்கு ஒரு விகிதமும் சுகாதாரப் பணத்தில் நடந்த வேலைக்கு வேறொரு விகிதமுமாக வந்தால், பற்றாக்குறையைக் கலாசாலைகள் தங்கள் சொந்த நிதியிலிருந்துதானே ஈடுகட்ட வேண்டும்? இந்தக் குழப்பத்தினிடையே, 1958 செப்டம்பரில் வரவு செலவுத் திட்ட அலுவலகம் வெளியிட்ட சுற்றறிக்கை ஏ-21, எச்செலவு ஏற்கத்தக்கது, எது ஆகாது என்று எல்லா இலாகாக்களுக்கும் பொதுவாக வகுத்தது; ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கலாசாலைக் கணக்கர்களுக்கு அதுவே வேதமாயிற்று.

பணம் பெருகவே சந்தேகமும் பெருகியது. வட கரோலினாவின் பிரதிநிதி லாரன்ஸ் ஃபவுண்டன் தலைமையில் காங்கிரஸ் உபகுழு ஒன்று 1961, 1962 ஆண்டுகளில் சுகாதார நிலையங்களின் மானிய நிர்வாகம் மிகவும் தளர்ந்திருக்கிறதென்று கண்டித்தது. திறமைசாலியைத் தேர்ந்தெடுத்த பின் அவரைச் சுதந்திரமாக விட்டுவிட வேண்டும் என்பதே அந்நிலையங்களின் இயக்குநர் ஜேம்ஸ் ஷானனின் கொள்கை; ஆயினும் விதிகளை இறுக்காமல் அவராலும் இருக்க முடியவில்லை. உழைப்பு அறிக்கை என்ற பத்திரம் நிலைபெற்றது இந்த இறுக்கத்தில்தான்: இந்தப் பருவத்தில் என் உழைப்பில் இத்தனை சதவீதம் இந்த மானியத்துக்கு, இத்தனை கற்பித்தலுக்கு, இத்தனை நிர்வாகத்துக்கு என்று பிரித்து, கூட்டினால் நூறு வரும்படி எழுதிப் பேராசிரியர் கையெழுத்திட வேண்டும். மாணவனுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே தம் ஆராய்ச்சிக்கு விடை தோன்றிவிட்டால் அந்தக் கணத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவார்? தொழிற்சாலை நேரக்கணக்கை அறிவின் உழைப்பின்மேல் ஏற்றியது பெரும் பிழை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உண்மையை மட்டுமே எழுத வேண்டிய மனிதர்களிடம் ஊகத்தை எழுதிக் கையொப்பமிடும்படி அது கேட்டது.

இந்தச் சரித்திரத்தில் பெரும் புயல் ஸ்டான்ஃபோர்ட் சர்வகலாசாலையில் எழுந்தது. 1990 வாக்கில் அங்கே மேற்செலவு விகிதம் 74 சதவீதம். அதாவது, கணக்கில் சேரும் நேரடிச் செலவு ஒரு லட்சம் டாலர் என்றால், அதன்மேல் 74,000 டாலர் கலாசாலைக்குப் போகும். கடற்படை ஆராய்ச்சி அலுவலகத்தின் பிரதிநிதியாக அங்கே இருந்த பால் பிடில் ஏடுகளைப் புரட்டத் தொடங்கினார். விளையாட்டுத் துறைக்கு நன்கொடையாக வந்த விக்டோரியா என்ற 72 அடி உல்லாசப் படகின் தேய்மானமும், தலைவர் இல்லத்துப் பூக்களும், தேவதாரு மரம் பதித்த துணி அலமாரியும் ஆராய்ச்சி மேற்செலவுத் தொகுப்பில் கலந்திருப்பது வெளிப்பட்டது. 1991 மார்ச் 13 அன்று ஜான் டிங்கல் தலைமையிலான காங்கிரஸ் உபகுழுவின் முன் கலாசாலைத் தலைவர் டொனால்ட் கென்னடி நின்று பதில் சொல்வதை தேசமே தொலைக்காட்சியில் பார்த்தது. விகிதம் 55.5 ஆகக் குறைக்கப்பட்டது. கென்னடி பதவி விலகுவதாக அறிவித்தார்.

படகைச் சேர்த்தது தவறு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 1994-இல் அரசாங்கத்தோடு இந்தத் தகராறு சமரசமானபோது ஸ்டான்ஃபோர்ட் செலுத்தியது 12 லட்சம் டாலர். மோசடி நடந்ததென்று அரசாங்கம் நிலைநாட்டவில்லை. இதற்குள் தண்டனை எல்லாக் கலாசாலைகளுக்கும் விதிக்கப்பட்டுவிட்டது. 1991 அக்டோபரில் ஏ-21 திருத்தப்பட்டு, நிர்வாக மேற்செலவு 26 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாதென்று வரம்பு கட்டினார்கள். ஆஸ்பத்திரிகளுக்கும் கம்பெனிகளுக்கும் இல்லாத அந்த வரம்பு, கலாசாலைகளுக்கு மட்டும் இன்றளவும் இருக்கிறது. அதற்குப் பிறகு மனிதரைக் கொண்டும் மிருகத்தைக் கொண்டும் செய்யும் பரிசோதனைகளுக்குக் கண்காணிப்பு, தகவல் பாதுகாப்பு என்று நிர்வாக வேலையைச் சர்க்காரே கூட்டிக்கொண்டு போயிற்று. கொடுக்கும் அளவை மட்டும் கூட்டவில்லை.

2013 டிசம்பரில் ஏ-21 உட்பட எட்டுச் சுற்றறிக்கைகளை ஒன்றாக இணைத்து, உழைப்பு அறிக்கையின் கெடுபிடியையும் ஓரளவு தளர்த்தினார்கள். 2025 பிப்ரவரியில் தேசிய சுகாதார நிலையங்கள் இனிமேல் எல்லாருக்கும் 15 சதவீதமே மேற்செலவு என்று திடீரென அறிவித்தன. கலாசாலைகளோடு பேசி முடித்த விகிதங்களை மாற்றலாகாதென்று காங்கிரஸ் 2018 முதல் சட்டத்தில் எழுதிவந்திருந்ததால், நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. அந்த 15, பல ஆண்டுகளுக்கு முன் காங்கிரஸ் தானே விதித்து, போதாதென்று உயர்த்தி, பின் வேண்டாமென்று நீக்கிய அதே எண்.