ஜான்ஸனின் பழக்கதோஷம்

ஓயாமல் கண்ணைச் சிமிட்டும் பையனையும், பூட்டிய கதவை நாலு தடவை இழுத்துப் பார்க்கும் பெரியவரையும் எங்கள் ஓமலூர்ப் பக்கத்தில் ஒரே வார்த்தையில் அடக்கிவிடுவார்கள்: பழக்கதோஷம். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனிலும் இதே கதைதான். ஏன் இப்படியெல்லாம் உடம்பை ஆட்டுகிறீர்கள் என்று ஒரு சிறுமி கேட்டபோது, கெட்ட பழக்கம் என்றுதான் ஸாமுவேல் ஜான்ஸனும் சொன்னார். 1755இல் அகராதி செய்து முடித்தவருக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

முன்னும் பின்னுமாக அசைதல், முழங்காலைத் தேய்த்தல், பாதிச் சீழ்க்கை, கோழி மாதிரிக் கொக்கரிப்பு — 1791இல் வெளிவந்த சரித்திரத்தில் பாஸ்வெல் எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கிறார். 1735இல் ஸோலிஹல் பள்ளி ஜான்ஸனை ஆசிரியராக எடுத்துக்கொள்ளாததற்கு முகத்தைக் கோணுவதும் ஒரு காரணம். 1885இல் பாரிஸில் ஜில் த லா தூரெத் ஒன்பது நோயாளிகளை வைத்து எழுதிய கட்டுரைக்குப் பிறகே இந்த 'டிக்'குகள் அவர் பெயரால் ஒரு நோயாயின. 1979இல் மரே என்ற மருத்துவர் அதை ஜான்ஸனுக்குப் பொருத்திக் காட்டினார்.

ஓவியர் ரெய்னால்ட்ஸ் இதை வலிப்பு என்று ஏற்கவில்லை. சொன்னால் ஆடாமல் உட்காருகிறாரே என்பது அவர் வாதம். பழைய தவறுகளை நினைத்து நொந்துகொள்வதன் வெளிப்பாடு என்று அவருக்குப் பட்டது. கூர்மையான பார்வைதான், ஆனால் முடிவு தவறு. டிக்கைக் கொஞ்ச நேரம் அடக்கலாம், தும்மலை அடக்குவதுபோல. உடம்பில் ஒரு குறுகுறுப்பு முட்டும், அசைத்தால் தணியும். அதில் எண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. எண்ணச்சுழற்சி நோயில் முதலில் வருவது எண்ணம்: கதவு திறந்து கிடந்தால்? கை அழுக்காயிருந்தால்? அந்தப் பயத்தைத் தணிக்கத்தான் செயல். நோட்டுக் கட்டை மறுபடி எண்ணுவது வங்கியில் எங்களுக்கு விதி. எண்ணி முடித்தபின்னும் மனம் நம்பாதபோதுதான் வியாதி. மருந்தும் வேறு. டிக்குக்கு ஹாலோபெரிடால் போன்றவை. இதற்கு க்ளோமிப்ரமின் வகை.

ஆனால் ஜான்ஸன் வாசற்படிக்கு வரும்போது இந்தக் கோடு அழிகிறது. இத்தனை அடி, இன்ன கால் முதலில் என்று கணக்கு. தவறினால் திரும்பிப்போய் மறுபடி நடப்பார். ஏதோ கேடு வரும் என்ற பயமா? உடம்புக்குச் 'சரியாகப் படவில்லை' என்ற உறுத்தலா? முதலாவதென்றால் எண்ணச்சுழற்சி, இரண்டாவதென்றால் டிக்கின் பக்கம். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது சாதாரணம். 2013இன் அமெரிக்க நோய்ப் பகுப்பு டிக் சார்ந்த எண்ணச்சுழற்சி என்றே ஒரு பிரிவு வைத்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே நடைதான். உள்ளே இருப்பவன்தான் சொல்ல வேண்டும்.

நண்பர்களில் ஒருவர்கூட அவரிடம் அதைக் கேட்கத் துணியவில்லை என்று பாஸ்வெல்லே எழுதுகிறார். கணக்கு சரியானதும் ஜான்ஸன் விறுவிறுவென்று நடந்துவந்து அவர்களோடு சேர்ந்துகொள்வாராம்.