நகர மன்றத்துக்கு வாக்களித்த காலம்

தோட்டத்து லயத்தில் கால்வாய் அடைத்துக்கொண்டால் நாம் யாரிடம் போவோம்? கிராணியிடம் சொல்வோம், அவர் கேட்காவிட்டால் மானேஜரிடம் சொல்வோம். தோட்டத்தை விட்டுப் பட்டணத்தில் குடியேறியவர்கள் யாரிடம் சொல்வது? நகராண்மைக் கழகத்திடம் சொல்ல வேண்டும். அக்கழகத்தின் உறுப்பினர்களை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த காலம் ஒன்று நம் நாட்டில் இருந்தது. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

1951ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள். பினாங்கு ஜார்ஜ் டவுனில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. ஒன்பது இடங்களுக்குப் போட்டி. ஆறில் ராடிக்கல் கட்சி வென்றது. அப்போது மலாயா சுதந்திரம் அடையவில்லை. நாடு தழுவிய பொதுத் தேர்தலும் நடந்திருக்கவில்லை. வாக்குச்சீட்டைக் கையில் பிடிக்க நம் மக்கள் பழகியது நகர மன்றத் தேர்தலில்தான்.

1955இல் முதல் பொதுத் தேர்தல் வந்தது. 52 இடங்களில் 51ஐக் கூட்டணி கைப்பற்றியது. இனி எங்கும் கூட்டணிதான் என்று யாரும் நினைக்கலாம். ஆனால் அடுத்த ஆண்டு ஜார்ஜ் டவுன் மன்றம் தொழிற்கட்சியின் கைக்குப் போயிற்று. 1957 ஜனவரியில் அந்நகர் மாநகரமானபோது, முதல் மேயராக அமர்ந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன். அவர் என்னைப்போல் ஓர் ஆசிரியர்.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. நாட்டை ஆள ஒரு கட்சி, ஊரைக் கவனிக்க வேறொரு கட்சி என்று மக்கள் பிரித்துப் பார்த்தார்கள். பிடிக்காதபோது மாற்றினார்கள்.

அந்த உரிமை பிறகு என்னவாயிற்று? இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த வேளை, 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. மறு ஆண்டு ஜார்ஜ் டவுன் மன்றத்தின் அதிகாரங்களை மாநில அரசு எடுத்துக்கொண்டது. மோதலும் அதே 1966இல் முடிந்தது. தேர்தல் மட்டும் திரும்பவில்லை.

ஊராட்சி மன்றங்களை ஆராய அமைந்த அரச ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்பது அந்த ஆணையத்தின் பரிந்துரை. அறிக்கை 1971இல் வெளியிடப்பட்டது. ஆனால் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலை அறவே நீக்கியது. அதுமுதல் மாநில அரசுகளே உறுப்பினர்களை நியமித்து வருகின்றன.

நேயர்களே, தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்துவிட்ட நம் குடும்பங்கள் பல. வீட்டு வரி தவறாமல் கட்டுகிறோம். நம் பகுதிக்கு நியமிக்கப்பட்ட உறுப்பினர் யார் என்று கேட்டால் எத்தனை பேர் பெயர் சொல்வோம்? வாக்கு இல்லை, கேட்கும் வாய் இருக்கிறது. அவர் பெயரை விசாரித்து எழுதி, வரி ரசீதோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை கால்வாய் அடைத்தால், யாரிடம் போவது என்று திகைக்க வேண்டியதில்லை.